இருபத்தாறு முகம்

டீச்சருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூன்று வருஷமும் ஒப்பந்த வேலைதான். வருஷக் கடைசியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இன்னொரு வருஷத்துக்கு விட்டு வைப்பார்கள். இந்த முறை அப்படி இல்லை. மேலிடத்திலிருந்து ஒரு அலுவலர் வந்து ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடிதத்தில் இதை நாலு பத்தியாக நீட்டி மரியாதையாக எழுதியிருந்தார்கள். பிழிந்தால் இவ்வளவுதான் வந்தது.

எந்தப் பாடம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவளுக்கு இல்லை. வரிசைப்படி அந்த வாரம் ஐந்தாம் வகுப்பின் தலையில் விழுந்தது திண்ம உருவங்கள். கனசதுரம், கனசெவ்வகம், பட்டகம், பிரமிடு, உருளை, கூம்பு, கோளம். ஒவ்வொன்றையும் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். எத்தனை முகம், எத்தனை விளிம்பு, எத்தனை உச்சி என்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு லேசான பாடம். லேசான பாடத்தில்தான் கால் வழுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"கையை வச்சா படியிற இடம் முகம். ரெண்டு முகம் வந்து சேர்ற கோடு விளிம்பு. விளிம்புங்க முட்டிக்கிற முனை உச்சி. சரியா?"

"சரி மிஸ்!"

"கனசதுரம்?"

"முகம் ஆறு, விளிம்பு பன்னிரண்டு, உச்சி எட்டு!"

முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினால் பக்கத்து வகுப்பு சாக்பீஸ் தூள்கூட நடுங்கும். ஜன்னலோரம் உட்காரும் ஒருவனுக்கு மட்டும் கத்தினால் போதாது. அவனுக்கு 'வக்கீல்' என்று பேர். எந்தப் பதிலிலும் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"மிஸ், உருளைன்னா டப்பா மாதிரி இருக்கணும்னு சொன்னீங்க."

"ஆமா."

"உருளைக்கிழங்கு டப்பா மாதிரி இல்லையே. அதுக்கு ஏன் அந்தப் பேரு?"

"அது உருளும்ல."

"பந்தும்தான் உருளும். பந்துக்கிழங்குன்னு சொல்லலாமே."

"உட்காருடா."

இன்னொருத்தி உண்டு. முதல் பெஞ்சு, சுவரோரம். அவளுக்கு 'கணக்குப்பிள்ளை' என்று வகுப்பே பேர் வைத்திருந்தது. எதையும் எண்ணாமல் நம்ப மாட்டாள். மாடிப்படி எத்தனை, ஜன்னல் கம்பி எத்தனை, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தொங்கும் டம்ளர் எத்தனை என்று விரலை மடக்கிக்கொண்டே திரிவாள். ஒரு நாள் பாடம் முடிந்ததும் டீச்சரிடம் வந்து, "மிஸ், இன்னைக்கு நாப்பத்தோரு தடவ 'சரியா'ன்னு கேட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் கிண்டல் எதுவும் இல்லை, வெறும் தகவல்தான்.

பிள்ளைகள் தயார். இனி வேண்டியது பொருள். பள்ளிக்கூட பீரோவில் அட்டையில் செய்த ஒரு பழைய தொகுப்பு கிடந்தது. கூம்பை எலி பாதி தின்றிருந்தது. கனசதுரத்தை மேல்பக்கம் வெட்டி யாரோ பேனா போட்டு வைத்திருந்தார்கள். கோளம் எங்கே என்று கேட்டால், நாலாம் வகுப்புப் பையன்கள் விளையாட்டு மைதானத்தின் பக்கம் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அக்காவின் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

அத்தான் தச்சு வேலைக்காரர். கை சுத்தம், அளவு சுத்தம், சொன்ன நாளில் கொண்டு வந்து வைத்துவிடுவார். ஆனால் அவர் பட்டறையிலிருந்து மூலையோடு எதுவும் வெளியே வராது. மகள் நடை பழகிய வயதில் மேசை மூலையில் முட்டி நெற்றியில் மூன்று தையல் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பிடிதான். அதற்கப்புறம் அவர் செய்த கட்டில், நாற்காலி, அலமாரி, சன்னல் சட்டம், சாவி மாட்டும் பலகை எல்லாவற்றையும் விளிம்பு விளிம்பாக இழைப்புளியால் தள்ளி, மூலை மூலையாக அரத்தால் அராவித்தான் கொடுப்பார். கடைத்தெருவில் அவருக்கு 'வழவழ மேஸ்திரி' என்றுதான் பேர். டீச்சருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துமே படத்தை வரைந்து, அளவைக் குறித்துக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டாள்.

"பிள்ளைங்க கையில எடுத்துப் பார்க்கிறதுக்கு அத்தான்."

அந்த ஒரு வார்த்தையை விடாமல் இருந்திருக்கலாம்.

அலுவலர் வரும் நாள் காலை ஒன்பதுக்கு முன்னாலேயே அத்தான் சாக்கு மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். டீச்சர் அவரைப் பொருள் அறைக்குள் கூட்டிப்போய் மூட்டையைப் பிரித்தாள். செய்தித்தாளில் சுற்றிய முதல் பொட்டலத்தை எடுத்தபோதே மணிக்கட்டு சரிந்தது.

"என்ன அத்தான் இவ்வளவு கனம்?"

"கனசதுரம்னுதானே எழுதிக் குடுத்த? கனமா இருக்க வேணாமா? அதான் நிலைவாசல் மரத்துல மிஞ்சினதாப் பார்த்துப் போட்டேன்."

"கனம்னா அந்தக் கனம் இல்ல அத்தான்."

"பின்ன எந்தக் கனம்?"

மூன்று வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் வாயைத் திறந்தாள். "கனம்னா... நீளம், அகலம், உயரம் மூணும்... விடுங்க" என்றாள். காகிதத்தைக் கிழித்தாள். உள்ளே இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரம் பளபளவென்று இருந்தது. கண்ணாடி மாதிரி வழுவழுப்பு.

"மூலை எங்க?"

"எந்த மூலை?"

"இதோட மூலை அத்தான்!"

"எடுத்துட்டேன்" என்றார். பல் பிடுங்கிய டாக்டர் சொல்கிற மாதிரி சொன்னார்.

பன்னிரண்டு விளிம்பையும் சரித்து இழைத்திருந்தார். விளிம்பு இருந்த இடத்தில் விரல்நக அகலத்துக்கு ஒரு பட்டை. எட்டு உச்சியையும் அராவியிருந்தார். உச்சி இருந்த இடத்தில் குட்டிக் குட்டியாக முக்கோணம். டீச்சர் மற்ற பொட்டலங்களையும் படபடவென்று பிரித்தாள். பட்டகம், பிரமிடு, எல்லாமே அப்படித்தான். கூம்பின் தலையையே காணோம்.

"கூம்புக்கு இருக்கிறதே ஒரு உச்சி. அதையுமா எடுத்தீங்க?"

"அதைத்தான் முதல்ல எடுத்தேன். சின்னப் பிள்ளை கண்ணுல குத்தினா யார் பதில் சொல்றது? நீயா? உங்க ஹெச்.எம்மா?"

"கனசதுரம்னா எட்டு உச்சி இருக்கணும். பன்னிரண்டு விளிம்பு இருக்கணும். புஸ்தகத்துல போட்டிருக்கு!"

"புஸ்தகத்துல இருந்தா குத்தாது. மரத்துல இருந்தா குத்தும்." அவர் சாக்கை உதறி மடித்தார். "உங்கக்காகூட சொன்னா, அவளுக்காச்சும் மூலையோட குடுங்கன்னு. நான் கேட்கல."

கோளத்தை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது மட்டும் கோளமாகவே இருந்தது.

இதைத் தூர வைத்துவிட்டு வேறு ஏதாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. பாடத்திட்டத்தில் 'மரத்தாலான திண்ம உருவங்கள்' என்று அவளே எழுதி, அலுவலருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. தலைமையாசிரியர் சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "சாமான் வந்தாச்சா? அடடே, பாலிஷே போட்டிருக்காரே. பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதிலிருந்துதான் டீச்சருக்கு யோசனை வந்தது. நாலடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பொருளைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது. தூக்கிக் காட்டுவது. பிள்ளைகள் கத்துவார்கள். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது. நாற்பது நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும்.

பத்து மணிக்கு அலுவலர் வந்தார். ஐம்பது வயது அம்மாள். மூக்குக்கண்ணாடியை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவருக்கென்று தலைமையாசிரியர் மெத்தை போட்ட நாற்காலியைத் தன் அறையிலிருந்து தூக்கி வரச் செய்திருந்தார். அந்த அம்மாள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிள்ளைகளின் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தார். அதுவும் முதல் பெஞ்சில், கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில். மெத்தை நாற்காலியில் தலைமையாசிரியரே உட்கார்ந்துகொண்டார்.

முதல் பன்னிரண்டு நிமிஷம் தேர் மாதிரி ஓடியது. சுவரில் மாட்டிய அட்டவணையில் முகம், விளிம்பு, உச்சி என்று மூன்று வரிசை. டீச்சர் கனசதுரத்தைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"இது என்ன?"

"கனசதுரம்!"

"எப்படி இருக்கும்?"

"முகம் ஆறு, விளிம்பு பன்னிரண்டு, உச்சி எட்டு!"

தலைமையாசிரியரின் தலை தாளம் போட்டது. டீச்சர் அடுத்ததற்குக் கையை நீட்டியபோது முதல் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், அதைக் கொஞ்சம் பிள்ளைங்க கையில குடுங்களேன். அதுக்குத்தானே செஞ்சு கொண்டு வந்திருக்கீங்க?"

டீச்சர் சிரித்தாள். முகத்தில் அந்த நேரத்தில் வரக்கூடியது அது ஒன்றுதான். கனசதுரத்தைக் கொண்டுபோய் அலுவலரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் காட்டினார். கணக்குப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு எத்தனை முகம்மா?"

"ஆறு!" என்றது வகுப்பு.

கணக்குப்பிள்ளை கத்தவில்லை. பொருளைத் தடவிக்கொண்டிருந்தாள். "எண்ணட்டுமா மேடம்?"

"எண்ணேன். அவசரம் ஒண்ணும் இல்ல."

அவளுக்கு ஒரு துண்டு சாக்பீஸ் கிடைத்தது. படிகிற இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்தாள். பெரிய பக்கத்தில் ஒன்று. பட்டையில் ஒன்று. குட்டி முக்கோணத்தில் ஒன்று. வைத்த புள்ளி அழியாமல் பொருளை உள்ளங்கையில் நிறுத்தித் திருப்பினாள். வகுப்பு பொறுத்துப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். டீச்சர் நின்ற இடத்திலிருந்தே புள்ளிகளைக் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் வேலை புள்ளி புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது.

"இருபத்தாறு மேடம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியர் நாற்காலி நுனிக்கு வந்து, "ஏய், ஆறுன்னு சொல்லும்மா, ஆறு" என்று உதட்டை மட்டும் அசைத்தார். அது மூன்று பெஞ்சு தாண்டிக் கேட்டது.

"இருபத்தாறுதான் சார்" என்றாள் அவள். "ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

அலுவலர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். "டீச்சர்?"

டீச்சர் தியாகி இல்லை. அவளுக்கு வேலை வேண்டும். வாயில் தயாராக ஒரு பதில் இருந்தது. தப்பு, அதெல்லாம் மழுக்கின இடம், முகத்துல சேராது, உட்காரு. இப்படிச் சொன்னால் நிமிஷத்தில் முடிந்துவிடும். வகுப்பு இன்னொரு முறை சிரிக்கும். கணக்குப்பிள்ளை உட்கார்ந்துகொள்வாள். ஆனால் கையை வைத்தால் படிகிற இடம் முகம் என்று இரண்டு வாரமாகக் கத்தியது அவள்தான். அந்தப் பிள்ளை கையை வைத்துப் பார்த்தது, படிந்தது, எண்ணியது. இப்போது தப்பு என்று சொன்னால் நாளையிலிருந்து அவள் எண்ண மாட்டாள், மற்றவர்களோடு சேர்ந்து கத்துவாள். வகுப்பில் கத்துவதற்கு ஏற்கெனவே முப்பது பேர் இருந்தார்கள்.

"இருபத்தாறு சரி மேடம்" என்றாள்.

"அப்போ கனசதுரத்துக்கு இருபத்தாறு முகமா?"

"கனசதுரத்துக்கு ஆறு. இது கனசதுரம் இல்ல."

"கனசதுரம் இல்லாததைத் தூக்கிக் காட்டியா இவ்வளவு நேரம் கனசதுரம்னு சொல்லிட்டிருந்தீங்க?"

"ஆமா மேடம்."

தலைமையாசிரியரின் சாவிக் கொத்து கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனிந்தார். நிமிர அவசரப்படவில்லை.

"அப்ப அது என்ன மிஸ்?" என்று எழுந்தான் வக்கீல். "அதுக்குப் பேரு என்ன?"

"தெரியாது."

டீச்சர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அந்த வகுப்பு கேட்டதே இல்லை. அணை உடைந்தது.

"வழுக்கைச் சதுரம் மிஸ்!"

"மொழுக்கன்!"

"மொட்டை மிஸ், மொட்டைக் கனசதுரம்! விளிம்பை எல்லாம் சிரைச்சாச்சுல்ல!"

"அப்ப இது மொட்டைக் கூம்பு!" என்று வக்கீல் மேசைக்கே வந்து கூம்பைத் தூக்கிவிட்டான். "இதுக்குத்தான் அந்தப் பேர் ரொம்பப் பொருத்தம். தலையே இல்ல."

பேர் நிலைத்துவிட்டது. டீச்சர் தடுக்கவில்லை. தடுத்து இனி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. பாடத்திட்டம் கையை விட்டுப் போய்விட்டது. போனபின் மனசு லேசாக இருந்தது. சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைக்குப் போனாள்.

"சரி, நீ சொல்லு. இருபத்தாறும் ஒரே மாதிரியா இருக்கு?"

கணக்குப்பிள்ளை புள்ளிகளைப் பார்த்துச் சொன்னாள். "இல்ல மிஸ். பெரிசு ஆறு. ஒல்லியா நீளமா பன்னிரண்டு. குட்டி முக்கோணம் எட்டு."

டீச்சர் பலகையில் எழுதினாள். பெரிசு ஆறு. நீளம் பன்னிரண்டு. குட்டி எட்டு. எழுதி முடிக்கும்போது அவள் கை நின்றது. பலகைக்குப் பக்கத்திலேயே அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் முதல் வரி கனசதுரம். முகம் ஆறு. விளிம்பு பன்னிரண்டு. உச்சி எட்டு. முதுகுக்குப் பின்னால் வகுப்பு அடங்கிக்கொண்டே வந்தது. யார் முதலில் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. முதலில் கத்தியவன் வக்கீல்.

"மிஸ்! அதுதான் இது! ஆறு, பன்னிரண்டு, எட்டு!"

"எப்படிடா?" டீச்சர் உண்மையிலேயே கேட்டாள். பாதி அவளுக்கும் அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது.

"விளிம்பை இழைச்சா அந்த இடத்துல ஒரு முகம் வந்துடுது. உச்சியை அராவினா அங்கயும் ஒண்ணு வந்துடுது. எதுவும் எங்கயும் போகல மிஸ். எல்லாம் முகமா மாறிடுச்சு!"

"ஆறும் பன்னிரண்டும் எட்டும் இருபத்தாறு" என்றாள் கணக்குப்பிள்ளை. முதல்முறையாகச் சிரித்தாள்.

அதற்கப்புறம் அங்கே நடந்ததற்குப் பாடம் என்று பேர் வைக்க முடியாது. சந்தை என்று சொல்லலாம். எண்ணுவதற்கு முன்பே விடை சொல்ல வேண்டும் என்று வக்கீல் பந்தயம் கட்டினான். கூம்புக்கு முகம் ரெண்டு, விளிம்பு ஒன்று, உச்சி ஒன்று. அப்படியானால் மொட்டைக் கூம்புக்கு நாலு. எண்ணினார்கள். நாலு. உருளைக்கு முகம் மூன்று, விளிம்பு ரெண்டு, உச்சியே இல்லை. அஞ்சு. எண்ணினார்கள். அஞ்சு. கோளத்துக்கு விளிம்பும் இல்லை, உச்சியும் இல்லை. ஒன்றேதான்.

"அதனாலதான் மிஸ் அதை மொட்டை அடிக்க முடியல. அது பிறவியிலேயே மொட்டை."

அலுவலரே சிரித்துவிட்டார். தலைமையாசிரியர் அவர் சிரித்ததைப் பார்த்து, தானும் சிரிக்கலாம் என்று முடிவு செய்தார்.

முக்கோணப் பட்டகம் வந்தது. முகம் அஞ்சு, விளிம்பு ஒன்பது, உச்சி ஆறு. கூட்டினால் இருபது. கணக்குப்பிள்ளை புள்ளி வைத்தாள்.

"பத்தொன்பது."

"சரியா எண்ணு" என்றான் வக்கீல்.

"நான் தப்பா எண்ண மாட்டேன்."

"அப்ப கணக்குதான் தப்பு."

"கணக்கு தப்பில்ல. இதுதான் தப்பு" என்று அவள் பட்டகத்தைக் காட்டினாள். "இதுல ஒண்ணு குறையுது."

"எங்க, கொண்டா பார்ப்போம்" என்று அலுவலர் கையை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு விளிம்பாக ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே போனார். ஆறாவதோ ஏழாவதோ விளிம்பில் அவர் உடம்பு துள்ளியது.

"ஸ்ஸ்!"

விரலில் ஒரு சிராய் ஏறி நின்றது. சிவப்பாக ஒரு பொட்டு கசிந்தது. அந்த ஒரு விளிம்பை அத்தான் இழைக்க மறந்திருந்தார்.

"இருபதாவது அங்கதான் இருக்கு!" என்று வக்கீல் கத்தினான். வகுப்பு முழுக்கக் கை தட்டியது. தலைமையாசிரியர் முதலுதவிப் பெட்டிக்காக ஓடினார். பெட்டி இருந்த பீரோவின் சாவி கொத்தில் எது என்று கண்டுபிடிப்பதற்குள் அலுவலரே நகத்தால் சிராயைப் பிடுங்கி எறிந்துவிட்டார்.

மணி அடித்தது. பிரமிடும் கனசெவ்வகமும் தொடாமல் மேசையிலேயே இருந்தன.

தாழ்வாரத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் அலுவலர் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். விரலில் பஞ்சு சுற்றியிருந்ததால் பேனா கோணலாக நின்றது. டீச்சர் எதிரே நின்றாள். உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தாள். படிவத்தில் பன்னிரண்டு கட்டம். தலைகீழாகப் படித்தாலும் அவளுக்குப் புரிந்தது. மூன்று வருஷமாக அந்தப் படிவத்தை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். எட்டு கட்டத்துக்குக் குறையாமல் 'ஆம்' விழ வேண்டும்.

"கற்பித்தல் பொருள் துல்லியமாக உள்ளதா." அலுவலர் விரலைப் பார்த்தார். "இல்லை" என்று எழுதினார்.

"பாடத்திட்டப்படி பாடம் நடந்ததா. இல்லை. பாடம் நேரத்தில் முடிந்ததா." தலையை நிமிர்த்தினார். "பிரமிடு பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கலையே?"

"இல்ல மேடம்."

"இல்லை." எழுதினார். "வகுப்பில் ஒழுங்கு."

உள்ளே ஏதோ சாய்ந்து விழும் சத்தமும் அதைத் தொடர்ந்து ஒரு பெரும் சிரிப்பும் கேட்டது. அலுவலர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார். நாலாவது 'இல்லை' விழுந்தது. டீச்சர் மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். எட்டு கட்டம் மிச்சம். எட்டும் வேண்டும். ஒன்று போனாலும் போச்சு.

"யார் செஞ்சு குடுத்தது?"

"எங்க அத்தான். மூலை இருந்தா அவருக்குப் பிடிக்காது."

"காலையிலேயே பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா கொண்டு வந்தீங்க?"

"எட்ட நின்னு காட்டிச் சமாளிச்சிடலாம்னு நினைச்சேன்."

"சரி. அந்தப் பிள்ளை எண்ண ஆரம்பிச்சதுமே நிறுத்தியிருக்கலாமே. நான் தடுத்திருக்க மாட்டேன். நிறைய பேர் நிறுத்திடுவாங்க."

டீச்சருக்கு அழகாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஒன்றும் வரவில்லை. "அவ சரியாத்தான் எண்ணிட்டிருந்தா மேடம். சரியா எண்ணுறவளை எதைச் சொல்லி நிறுத்துறது?" என்றாள்.

அலுவலர் ஐந்தாவது கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினார். ஆறாவதிலும். மாணவர் கேள்வி கேட்டனரா, ஆம். மாணவர் தாமாகக் கண்டறிந்தனரா, ஆம். டீச்சர் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று வரை 'ஆம்' வந்தது. கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. 'ஆசிரியர் தம் பாடப்பொருளில் தேர்ச்சி உடையவரா.'

"பேர் என்னன்னு அந்தப் பையன் கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னீங்க."

"தெரியாது மேடம்."

"எனக்கும் தெரியாது" என்றார் அலுவலர். 'ஆம்' என்று எழுதி அதன் கீழே ஒரு கோடு இழுத்தார். படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "கீழே பணி நிலைன்னு இருக்கு பாருங்க. உங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பிரமிடை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க. கேட்டு விசாரிப்பேன்."

டீச்சர் பேனாவை வாங்கினாள். நன்றி சொன்னாளா என்று அவளுக்கே நினைவில்லை. பணி நிலை என்று போட்டிருந்த கோட்டுக்கு மேல் பேனாவை வைத்தாள். மூன்று வருஷப் பழக்கம். கை தன் பாட்டுக்கு 'ஒப்பந்' வரை எழுதிவிட்டது. பதறிப்போய் அதை அடித்தாள். பக்கத்திலேயே 'நிரந்தரம்' என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்து கோட்டைத் தாண்டிப் போனது.

அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அடிச்சுத் திருத்தின இடத்துல சுருக்கொப்பம் போடணும் டீச்சர். இல்லன்னா மேலே திருப்பி அனுப்பிடுவாங்க."

போட்டாள். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாள்.